புதுப்பிப்பு: மூன்று இலைத் தேயிலைகளும் குடித்தாயிற்று

நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காமல் இலையைச் சுருட்டிச் செய்வது), ஏர்ல் கிரே, மல்லிகைப் பச்சைத் தேயிலை மூன்றையும் பாலில்லாமல் குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன்.

ஏர்ல் கிரேயில் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசனைதான் முன்னால் நிற்கிறது. தேயிலை எங்கோ பின்னால். ஆறினால் சோப்பு நினைவு வருகிறது (ரசிகர்கள் மன்னிக்கவும்). மல்லிகை வேறு ரகம். சீனாவில் விரியும் மொட்டுகளோடு இலையைக் கலந்து இரவெல்லாம் வைத்து மணம் ஏற்றுவார்கள். அதனால் மூக்கில் அடிக்காது. கொதிநீர் ஊற்றினால் கசக்கும், 80 டிகிரி போதும்.

எனக்குப் பிடித்தது வாசனை சேர்க்காத நீலகிரிதான். குளிர்காலத்தில் பறித்த இலை. மூன்று நிமிடம் ஊறியும் துவர்ப்பு ஏறவில்லை, தானாகவே லேசான பூவாசம். ஐஸ் போட்டால் கலங்குமா என்று கேட்டவருக்கு: கலங்கவில்லை. பால் ஊற்றினால் மட்டும் வீண். அதற்கு சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும்) தூளே சரி.