இழுவைப் பொருத்தம்: வண்டிக்கும் பெட்டிக்கும் ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

நேற்று ஒருவர் கேட்டிருந்தார்:

> இழுக்கும் வாகனத்துக்கு ஏற்ற டிரெய்லரைத் தெரிவுசெய்வது வாங்குபவரின் பொறுப்பு என்று விற்பனைப் பத்திரங்களில் வருகிறது. இதற்கு "ஊர்தி இணக்கத்தன்மை" சரியாக இருக்குமா?

வேண்டாம் என்பேன். இணக்கத்தன்மை என்றதும் கணினியும் மென்பொருளும்தான் இன்று மனதில் வருகின்றன. எடை, கொழுக்கி, பிரேக் எதுவும் அந்தச் சொல்லில் தெரியவில்லை. என் பரிந்துரை "இழுவைப் பொருத்தம்". செயலைச் சொல்லும்போது "பொருத்தம் பார்த்தல்".

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் மரக்கறி பயிரிடும் என் மச்சான் போன வருடம் தன் கெப்புக்கு, அதாவது பிக்கப் வண்டிக்கு, ஒரு பெட்டி வாங்கினார். (எங்கள் பக்கம் டிரெய்லரைப் பெட்டி என்றுதான் சொல்வோம், உழவு இயந்திரப் பெட்டி என்று பத்திரிகைகளும் எழுதும்.) "1200 கிலோ ஏற்றலாம்" என்றார் விற்றவர். அது உண்மைதான், பெட்டி தாங்கும். ஆனால் பெட்டியின் சொந்த எடையே 400 கிலோ. ஆக, கெப்பின் பின்னால் வருவது 1600. பெட்டிக்குப் பிரேக்கும் இல்லை. பிரேக் இல்லாத பெட்டி என்றால் 750 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கெப்போடு வந்த கையேட்டில் இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்ததில், எரிந்த வாடை வந்து பெடல் அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, மண்மேட்டோடு உரசித்தான் நிறுத்தினார். ஏற்றதைத் தெரிவுசெய்வது வாங்குபவரின் பொறுப்பு என்ற அந்த வரி பற்றுச்சீட்டின் அடியில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதை அவருக்கு வாசித்துச் சொன்னது இவ்வளவும் நடந்த பிறகு.

அதனால்தான் "பொருத்தம்" என்கிறேன். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்க ஒரு சாதகம் போதாது, இரண்டு பக்கத்துச் சாதகமும் வேண்டும் என்பது எந்தத் தோட்ட லயத்திலும் தெரியும். அதே போல விற்பவர் பெட்டியின் விவரத்தைத் தரவேண்டும்: வெற்று எடை, ஏற்றியபின் உச்ச எடை, கொழுக்கியின் அளவு, பிரேக் உண்டா இல்லையா. வாங்குபவர் தன் வண்டியின் விவரத்தைக் கொண்டுவரவேண்டும். வண்டியின் கொழுக்கியில் இருக்கும் 47.6 மில்லிமீற்றர் பந்தில், பெட்டியின் முனையில் இருக்கும் 50 மில்லிமீற்றருக்கான கிண்ணத்தை மாட்டினால் கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கும்; குழியில் விழுந்து எழும்போது கழன்றுவிடலாம். இதை அளந்து சொல்லாமல் வாங்குபவரை மட்டும் பொறுப்பாளி ஆக்குவது நியாயமில்லை. சட்டமும் முழுதாக அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் உதவவேண்டும் என்ற கடமை விற்பவருக்கும் உண்டு. ஆகவே "இந்த கெப்புக்கு, இந்த மலைப் பாதைக்கு" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்கவேண்டும். முடிந்தால் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

"பூட்டுப் பொருத்தம்" என்றும் யோசித்தேன். மாடு பூட்டுவதை நினைவூட்டும் நல்ல சொல். ஆனால் இன்று பூட்டு என்றால் சாவிதான் ஞாபகம் வரும், விட்டுவிட்டேன்.

மாட்டுவண்டியிடமிருந்து எடுக்கவேண்டிய வேறொரு சொல் இருக்கிறது: முன்பாரம். பெட்டியின் முனை கொழுக்கியை அழுத்தும் எடைக்கு "நாக்கு எடை", "மூக்கு எடை" என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். எதற்கு? மாட்டின் கழுத்தில் இறங்குவது முன்பாரம், நுகத்தை மேலே தூக்குவது பின்பாரம் என்று வண்டிக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அமெரிக்க வழக்கில் பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்கவேண்டும் என்பார்கள். ஐரோப்பாவில் அதைவிடக் குறைவு. பின்பாரம் கூடினால் பெட்டி வாலாட்டத் தொடங்கும், இறக்கத்தில் அது வண்டியையே திருப்பிவிடும்.

இன்னொன்றும் பொருத்தத்துக்குள் வரவேண்டும், உயரம். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு; காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத என்ஜினின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கும். கொழும்பில் இழுத்துக் காட்டிய வண்டி இங்கே திணறுவது அதனால்தான்.

சரி, பந்தின் மேல் உட்காரும் அந்த உறுப்புக்குக் "கிண்ணம்" என்று நானாக எழுதிவிட்டேன். உங்கள் ஊர் கராஜ்களில் அதை எப்படிச் சொல்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.