தன் பெயரைச் சொல்லித் தானே பேசிப் பார்த்தவர்கள் உண்டா?

கடலூர்க்காரன்:
மனம் கொதிக்கும்போது 'நான் ஏன் இப்படி' என்று குமையாமல், தன் பெயரைச் சொல்லி, வேறொருவருக்கு யோசனை சொல்வதுபோலப் பேசினால் பதற்றம் குறைகிறதாம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஈதன் கிராஸ் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இது. தயாராக ஐந்தே நிமிடம் கொடுத்து மேடையேற்றியபோது, இப்படிப் பேசிக்கொண்டவர்கள் நன்றாகவும் பேசினார்கள், பிறகு அதையே நினைத்துப் புழுங்கியதும் குறைவு. உங்கள் அனுபவம்?

செல்வி, முத்தியால்பேட்டை:
ஆய்வெல்லாம் தெரியாது. பாகப் பிரிவினைக்கு உட்கார்ந்தபோது அண்ணன், "அப்பாவுக்கு நீ என்ன செஞ்ச?" என்றார். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான். வாய் வரைக்கும் வந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அன்றோடு உறவு முடிந்திருக்கும். தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் பின்கட்டுக்குப் போய், "செல்வி, உனக்கு இப்ப என்ன வேணும்? உன் பங்கு மனையா, இல்ல அண்ணன் தலைகுனியறதா?" என்று கேட்டேன். இரண்டும்தான் வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன்! ஆனால் மனைதான் முதலில் என்று புரிந்தது. உள்ளே வந்து, "சர்வேயரை வைத்து அளந்துடலாம்ணே" என்றேன். குரல் நடுங்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது, அது வேறு.

முந்திரித்தோப்பு, பண்ருட்டி:
இப்படித் தள்ளி நின்று பார்ப்பது தானாக வரணும், அடுத்தவர் சொன்னால் எடுபடாது. 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பார்க்க வந்த ஒருவர், "பத்து வருஷம் கழித்து இதெல்லாம் பெரிதாகத் தெரியாது" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வை! ஆனால் ஆள் போனதும் அப்பாவே, "ஒட்டுக்கன்று வைத்தால் மூன்றாம் வருஷம் கொஞ்சம் காய்க்கும், பலாவுக்கு இன்னும் ஆகும்" என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

கடலூர்க்காரன்:
அப்பா செய்ததற்கும் ஆய்வு உண்டு. இப்போதைய கஷ்டத்தை நெடுநாள் கழித்து எப்படி உணர்வோம் என்று நினைத்துப் பார்ப்பவர்களுக்கு வேதனை குறைகிறது என்று அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2015-ல் எழுதினார்கள். பறிகொடுத்த அன்றே அதை அடுத்தவர் வந்து சொல்வது அநாகரிகம் என்பது என் கட்சி.

பஸ் பயணி:
வாய்விட்டுச் சொல்லணுமா? புதுச்சேரி பஸ்ஸில் சொன்னால் பக்கத்து சீட்காரர் இடம் மாறிவிடுவார்.

கடலூர்க்காரன்:
மனசுக்குள் போதும். 2017-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்விலும் மௌனமாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.