பெரியப்பா வந்த பிறகு அழுத வீடு

காவிரிக்கரை:

என்னை விடாத கொரியத் தொடர்க் காட்சி ஒன்று: ரிப்ளை 1988, இரண்டாம் பகுதி. நாயகி தொக்சனின் பாட்டி இறந்த செய்தி வந்து குடும்பம் ஊருக்குப் போகிறதே, அது. பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா 2017 ஐப்பசியில் இறந்தார். விடாத மழை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா. வாசல் பந்தலுக்குக் கீழே சித்தப்பா நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். யாரோ ஏதோ சொல்ல, உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கூடம்வரை கேட்டது. நான் எழுந்து போய், அத்தனை பேர் முன்னால், "உங்கள் கூடப்பிறந்தவர் உள்ளே கிடக்கிறார், உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழையில் இறங்கித் தெருமுனைக்கு நடந்து போனார். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் சரியான பேச்சு இல்லை.

2020 ஊரடங்கில்தான் அந்தத் தொடரைப் பார்த்தேன். பாட்டி வீட்டுக்குள் நுழையும் தொக்சனுக்கு என்னைப் போலவே அதிர்ச்சி. அவளுடைய அப்பா வந்தவர்களோடு குடிக்கிறார், சிரிக்கிறார். பெரியவர்கள் உட்கார்ந்து பூச்சீட்டு ஆடுகிறார்கள். பெற்ற தாய் இறந்திருக்கிறாள், இவர்களுக்கு என்ன வந்தது என்று அவள் பார்க்கிறாள். இரவு வெகுநேரம் கழித்து அமெரிக்காவிலிருந்து பெரியப்பா வருகிறார். மூத்தவர் வாசலில் கால் வைத்த கணத்தில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தம்பி தங்கைகள் அத்தனை பேரும் அவரைக் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். அப்பாவாக நடித்த சங் டாங்-இல்லின் முகம் அப்படியே சின்னப் பையனின் முகமாகிவிடுகிறது. நரைத்த தலை, பிதுங்கும் உதடு. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்றுவரை அந்தப் பகுதியை முழுதாக முடிக்கவில்லை.

சித்தப்பாவுக்கு மூத்தவர் என்று இருந்தது என் அப்பா ஒருவர்தான். அவர் யார் வரும்வரை காத்திருந்து அழுதிருக்க முடியும்? தெருமுனையில் மழையில் நின்று அவர் என்ன செய்தார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

பொறுமைசாலி:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதே தொடரில் என்னைப் பிடித்து வைத்திருப்பது பதினெட்டாம் பகுதியின் சிவப்பு விளக்கு.

தொக்சனை மனதுக்குள் விரும்பும் ஜங்-ஹ்வான் காரை விரட்டிக்கொண்டு வருகிறான். கச்சேரி அரங்க வாசலில் தொக்சன் தனியாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சந்திப்பிலும் சிவப்பு. போய்ச் சேரும்போது அவளை விரும்பும் இன்னொரு நண்பன் தேக் முந்திக்கொண்டு அங்கே நிற்கிறான். அப்போது ஜங்-ஹ்வானின் குரல் ஓடும்: தடுத்தது அந்த விளக்குகள் அல்ல, தான் தயங்கித் தயங்கி நின்ற நேரங்கள்தான் என்று. ஜங்-ஹ்வானாக நடித்த ரியூ ஜுன்-யோல் அந்த இடத்தில் அழவே மாட்டார். கண்ணை மட்டும் ஒருமுறை தாழ்த்துவார்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒருத்தியிடம் சொல்லவேண்டிய ஒன்றை இரண்டு ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்தேன். அலுவலகத் திட்டம் முடியட்டும், சம்பளம் ஏறட்டும், தங்கை திருமணம் முடியட்டும் என்று ஒவ்வொன்றும் எனக்கு ஒரு சிவப்பு விளக்கு. அந்தப் பகுதியைப் பார்த்த இரவு மூன்று மணிக்கு எழுந்து அவளுக்குக் கடிதம் எழுதினேன். காலையில் அழித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவளுடைய திருமண அழைப்பிதழ் வந்தது. எல்லோருக்கும் வைத்ததுபோல் என் மேசையிலும் வைத்துவிட்டுப் போனாள். மஞ்சள் தடவிய ஓரம் கணினியின் மேல் சாய்ந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஜங்-ஹ்வானுக்கு அந்தக் கதையாசிரியர் அநியாயம் செய்துவிட்டார் என்பதுதான் என் முடிவு. பஸ்ஸில் கூட்டம் அவள்மேல் சாயாமல் கை நரம்பு புடைக்கக் கம்பியைப் பிடித்து நின்றவன் அவன். அவனுக்கு ஒன்றுமே இல்லையா?

வாகைமரம்:

பொறுமைசாலி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் வழக்கு தவறு. தேக் அங்கே முதலில் வந்து நின்றது அதிர்ஷ்டம் இல்லை. அவன் கோ என்ற பலகை விளையாட்டின் ஆட்டக்காரன், அதுதான் அவன் வாழ்க்கை. அன்று ஆட வேண்டிய ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நின்றான். இவன் விளக்குப் பச்சையாவதற்குக் காத்திருந்தான், அவன் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. கதையாசிரியர் லீ வூ-ஜங் அதை எவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்! தன் நரம்பு புடைத்த கையைப் பற்றி ஜங்-ஹ்வான் ஒரு நாளும் அவளிடம் வாய் திறக்கவில்லை. சொல்லாத அன்பு அவளுக்கு எப்படித் தெரியும்? பார்க் போ-கம் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கும் அந்தத் தேக்காக நடித்த நடிப்பை, 'அழகான முகம்' என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

என் அனுபவம் சிறியது. நான் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் இருந்த அம்மா ஓடிவந்து, "யார் அப்பா என்று கூப்பிட்டது?" என்று கேட்டார். கொரிய மொழியில் தொக்சன் தன் தந்தையைக் கூப்பிட்டதுதான். ஈரக் கையோடு நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தார்.

அதனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து வேற்றுக்குரல் (டப்பிங்) கொடுத்த பதிப்பில் பார்க்காதீர்கள். அசல் குரலில், எழுத்துவரியோடு (சப்டைட்டில்) பாருங்கள். ஆங்கில எழுத்துவரியை முழுதாக நம்பவும் வேண்டாம். கொரிய மொழியில் நம்மைப் போலவே மரியாதைப் பேச்சு வேறு, நெருக்கப் பேச்சு வேறு. நம் நீ, நீங்கள்போல அங்கே வினைமுற்றே மாறும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தன்னைவிட மூத்த பெண்ணை 'நூனா', அதாவது அக்கா, என்று அழைத்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் பெயர் சொல்லி அழைத்தால் அது பெரிய சம்பவம். ஆங்கில வரியில் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் பெயர்தான் இருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 'மை மிஸ்டர்' தொடரின் அசல் பெயரில் உள்ள 'அஜொஷி' என்ற சொல் உறவில்லாத நடுவயது ஆணைக் கூப்பிடுவது, நாம் தெருவில் ஒருவரை மாமா என்கிறோமே அதைப்போல. மிஸ்டர் என்றதும் அந்த ஈரம் காய்ந்துவிடுகிறது. அவர்களும் 'எங்கள் அம்மா', 'எங்கள் வீடு' என்றுதான் பேசுகிறார்கள், 'என்' என்பது குறைவு. முதல் இரண்டு பகுதிகள் சிரமமாக இருக்கும். மூன்றாவதில் காது பழகிவிடும். ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்கிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. ரிப்ளை 1988 போன்ற தொடரில் அண்டை வீடுகளுக்குள் சாப்பாட்டுப் பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கும் அந்த மெதுவான நிமிடங்கள்தான் கதை.

இரவுப்பணி:

மை மிஸ்டர் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கிடங்கில் இரவு வேலை எனக்கு. நடிகை ஐயு அந்தத் தொடரில் அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த காபித்தூள் பொட்டலங்கள் இரண்டை ஒரே குவளையில் கொட்டிக் குடிப்பாள். பசிக்குக் குடிக்கிற காபி அது. எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் குடியிருந்த வரிசை வீடுகளின் முனையில் ஒரு பாட்டி இட்லி விற்றார். விடியற்காலை வேலை முடிந்து வரும்போது எனக்காக நான்கு இட்லி மூடி வைத்திருப்பார். காசை மாதம் ஒருமுறைதான் வாங்கிக்கொள்வார். அவருக்கென்று யாரும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். நான் அன்று இரட்டை வேலை ஏற்றிருந்தேன், கூடுதல் கூலிக்காக. எடுத்துக்கொண்டு போகும்போது கூட நடந்தவர்கள் நான்கே பேர் என்று பிறகு சொன்னார்கள்.

தொடரின் கடைசியில் ஐயுவின் காது கேளாத பாட்டி இறக்கிறாள். பேத்தி ஒருத்தியைத் தவிர யாரும் இல்லாதவள். நிலவு பார்க்க வேண்டும் என்றதற்காகக் கடைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தப் பெண் தள்ளிக்கொண்டு போனாளே, அதே பாட்டி. அவளுடைய இறுதிச் சடங்குக்கு, நாயகனாக நடித்த லீ சன்-க்யூனின் ஊர்க்காரர்கள் ஒட்டுமொத்தமாக வந்து நிற்கிறார்கள். அவருடைய மூத்த அண்ணன் தான் ஒளித்துச் சேர்த்துவைத்திருந்த பணத்தை எடுத்து மலர்வளையங்களுக்குக் கொடுக்கிறார். காலி மண்டபம் நிறைந்துபோகிறது. நான் கிடங்கின் பின்வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். இரட்டைக் கூலி எவ்வளவு என்பது இன்றும் நினைவிருக்கிறது, தொகையை எழுத மனமில்லை.

லீ சன்-க்யூன் 2023 டிசம்பர் 27 அன்று மறைந்தார். 48 வயது. பாராசைட் படத்தின் பணக்காரத் தகப்பனாக உலகம் அவரை நினைக்கலாம். எனக்கு அவர் தோள் தொங்க, ரயிலில் இறங்கி மெதுவாக வீட்டுக்கு நடக்கிற பொறியாளர். அந்தத் தொடரை அதன் பிறகு திறக்க முடியவில்லை.

நெய்தல்:

எல்லோரும் சித்தப்பாவுக்கும் சங் டாங்-இல்லுக்கும் உருகுகிறீர்கள். காவிரிக்கரை அக்கா, கோபப்படாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்தப் பந்தலில் சீட்டு ஆடியவர்களுக்கு இரவு முழுக்கத் தேநீர் போட்டது யார்? உங்கள் அம்மாவா, அத்தையா? ஆண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தார்கள் என்று எழுதுகிறோம். அழவும் நேரமில்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை யார் எழுதுவது?

எனக்கு 2025 மார்ச்சில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' வேண்டும். ஜெஜு தீவு. ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்குத் தனி மேசை. புதுமருமகள் அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய கணவன் குவான்-சிக் ஒரு சொல் பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, தன் வீட்டு மேசைக்கு முதுகைக் காட்டி, மனைவியின் பக்கம் பார்த்துச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். ஒரு கத்தல் இல்லை, வசனம் இல்லை. குவான்-சிக்காக நடித்த பார்க் போ-கம் அந்தத் திரும்பலைச் செய்யும்போது எனக்கு மூச்சு நின்றது.

என் மாமியாரோடுதான் பார்த்தேன். எழுபது வயது. ஐம்பது ஆண்டுகளாக எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். "அதை மறுபடி போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை" என்றார். மூன்று முறை. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் என்ன நினைத்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

மட்டக்களப்பாள்:

இலங்கையில் 2012, 2013 காலத்தில் ரூபவாஹினி தொலைக்காட்சியில் 'சுஜாத தியணி' போனது. நீங்கள் 'ஜுவல் இன் தி பேலஸ்' என்று சொல்கிற, லீ யங்-ஏ நடித்த தொடர்தான், 54 பகுதி. சிங்களக் குரலில் வரும். என் அம்மம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வரவேண்டும். வாகைமரம் அண்ணா, வேற்றுக்குரலில் பார்க்காதே என்கிறீர்கள். எங்கள் வீட்டில் கொரியக் கதை சிங்களமாகி, பிறகு என் வாயால் தமிழாகித்தான் அம்மம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நாயகியான சிறுமி ஜாங்-கமிடம், இறைச்சியில் பெர்சிமன் பழம் சேர்த்திருக்கிறது என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்கிற இடம் அம்மம்மாவுக்கு உயிர். வாயில் வைத்தபோது பெர்சிமன் சுவைத்தது, அதனால் சொன்னேன், ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அந்தப் பிள்ளை விழிக்கும். அம்மம்மா அதன் பிறகு என் மீன்குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "இது புளி காணாது, ஏனென்று கேளாதே" என்பார்.

எனக்குப் பரீட்சை நடந்த கிழமை. ஜாங்-கமின் ஆசிரியை ஹான் அம்மையார் ஜெஜுவுக்கு நாடுகடத்தப்பட்டுப் போகிற வழி. ஜாங்-கம் அவரை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறாள், பேசிக்கொண்டே போகிறாள், முதுகில் இருப்பவர் இறந்துபோகிறார். எனக்குப் படிக்கிற எரிச்சல். அம்மம்மா, "பிள்ளை, என்ன சொல்லுகிறாள்?" என்று கேட்டார். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "ஒன்றுமில்லை, சும்மா கதைக்கிறார்கள்" என்றேன். பதில் வராததால் நிமிர்ந்து பார்த்தேன். அம்மம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். கன்னம் முழுக்க ஈரம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையை மட்டும் தட்டிக்கொடுத்தார், சொல்லத் தேவையில்லை என்பதுபோல.

அவர் போய் ஆறு வருடம். அந்த வசனத்தைத் தமிழில் ஒருமுறை சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பொறுமைசாலி:

வாகைமரம், தேக் ஆட்டத்தை விட்டு வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜங்-ஹ்வானும் அன்று புறப்பட்டு வந்தானே. வந்தவனை வரவே இல்லை என்பதுபோல் பேசுகிறீர்கள். காவிரிக்கரை அக்கா, உங்கள் சித்தப்பாவிடம் தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள். நான் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது.

காவிரிக்கரை:

நெய்தல், தேநீர் போட்டது அம்மா. நீங்கள் கேட்கும்வரை எனக்கு அது நினைவில் இல்லை. பதினாறாம் நாள்வரை அவர் உட்கார்ந்து அழுததை நான் பார்த்ததே இல்லை.

பொறுமைசாலி, இந்த ஐப்பசியில் திவசத்திற்குச் சித்தப்பா வருவதாகத் தம்பி சொல்கிறான். இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறேன்.