நைத்திரேற்று பூச்சியம், முருகை வெளிறுகிறது: மீன் கூட்டலாமா?

உவர்த்தொட்டி, கிளிநொச்சி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் நாலடி முருகைக்கல் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன், கல்லும் மணலும் போக 250 லீற்றர் தண்ணீர் வரும். தொடங்கி ஒரு வருசம் தாண்டிவிட்டது. மீன் என்று பார்த்தால் இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி, அவ்வளவுதான். நுரையால் கழிவை இழுக்கும் ஸ்கிம்மர் இரவு பகலாக ஓடுகிறது, பொசுபேற்றை இழுக்கும் இரும்புக் குருணை ஒரு பையில் தொங்குகிறது, கீழ்த்தொட்டியில் விளக்குப் போட்டு, சத்தை உறிஞ்சும் கீட்டோ பாசியும் வளர்க்கிறேன். உப்பு 35, வெப்பநிலை 26, 27 பாகை, காரத்தன்மை 9.5 டிகேஎச்.

பிரச்சினை இதுதான். நைத்திரேற்று சோதனையில் தண்ணீரின் நிறமே மாறுவதில்லை, ஹன்னா கருவியில் பொசுபேற்று 0.00. பச்சையாக இருந்த மொன்டிபோரா முருகை வெளிறி வெள்ளைக்குக் கிட்ட வந்துவிட்டது. மணலில் மண்ணிறச் சளி மாதிரி ஒன்று. காலையில் பார்த்தால் ஒன்றும் இல்லை, பின்னேரம் மூன்று மணியாகும்போது இழை இழையாக எழும்பி ஒவ்வொரு நுனியிலும் ஒரு காற்றுக்குமிழியோடு நிற்கிறது. நத்தைகளும் சாகத் தொடங்கியிருக்கின்றன.

மீன் வாங்கின கடையில் கேட்டால், தொட்டி அழுக்கு, கிழமைக்கு ஒருக்கால் பாதித் தண்ணீர் மாற்று என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, பூச்சியம் காட்டும் தொட்டியில் இன்னும் எதைக் கழுவுவது? மீன் போதாமல்தான் இப்படியோ என்று நினைக்கிறேன். கூட்டுவதென்றால் எந்த மீன், எத்தனை? வயலுக்கு வாங்கின யூரியா வீட்டில் கிடக்கிறது, அதில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்போமா என்று தம்பி கேட்கிறான், அதற்கும் பதில் சொல்லுங்கள்.

சிலாவத்துறைக் கடல், மன்னார்:

தம்பி, நீங்கள் யோசிப்பது சரி. இது அழுக்குத் தொட்டி இல்லை, பட்டினித் தொட்டி. முருகையின் உடம்புக்குள் இருக்கும் ஒற்றைக்கல அல்காதான் அதற்குச் சோறு போடுகிறது, நிறத்தில் ஒரு பங்கும் அதிலிருந்துதான். அந்த அல்காவுக்கு நைதரசனும் பொசுபரசும் வேண்டும். பசளை காணாத வயல் வெளிறுவது மாதிரித்தான் உங்கள் மொன்டிபோராவும் வெளிறுகிறது.

கடலிலும் இந்த அளவுகள் மிகக் குறைவுதானே என்று சிலர் கேட்பார்கள். குறைவுதான். ஆனால் எங்கள் பக்கத்து முருகைக்கற்பாறையில் ஒருதடவை தலையை விட்டுப் பார்த்தால் விளங்கும், நீரோட்டம் ஓயாமல் மிதவையுயிரிகளைக் கொண்டுவந்து தள்ளுகிறது, கல்லுக்குக் கல் மீன் கூட்டம். மீன் தன் நைதரசன் கழிவில் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுளால் நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும், முருகை நைத்திரேற்றைவிட அதைத்தான் சுலபமாக எடுக்கும். கரிபியன் கடலில் செய்த ஆய்வு ஒன்று 1983இல் வெளிவந்தது. மீன் கூட்டம் தங்கிப் போகும் முருகைகள், மீன் தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று அதில் காட்டினார்கள். ஆகவே மீன் தொட்டிக்குப் பாரம் என்று எண்ண வேண்டாம், முருகைக்குச் சாப்பாடு கொண்டுவருவதே அதுதான்.

ஆனாலும் இன்றைக்கே கடைக்கு ஓட வேண்டாம். மூன்று மீனுக்கு மூன்று இழுவை வைத்திருக்கிறீர்கள், முதலில் அதைக் குறையுங்கள். இரும்புக் குருணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கீட்டோ விளக்கை நாளுக்கு மூன்று நாலு மணித்தியாலம் மட்டும் போடுங்கள். ஸ்கிம்மரை நிற்பாட்ட வேண்டாம், அது காற்றையும் கொடுக்கிறது, நுரை கெட்டியாக வரும்படி தாழ்த்திவிட்டால் காணும். அப்புறம் தீனி. பச்சை இறாலையும் கணவாயையும் பொடியாக அரிந்து உறையவைத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். உருகும்போது வரும் தண்ணீரை மற்றத் தொட்டிக்காரர்கள் வெளியே ஊற்றிவிடுவார்கள், நீங்கள் அதையும் தொட்டிக்கே விடுங்கள், கொஞ்சம் பொசுபேற்று அதிலும் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் நைத்திரேற்றுச் சோதனைப் பெட்டி சாலிஃபெர்ட் கிட் என்றால் குப்பியை மேலிருந்து மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் வகுங்கள். 0.2க்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும். மண்ணிறச் சளி உள்ளே வருவதையெல்லாம் தின்றுகொண்டிருந்தாலும் கிட் பூச்சியம்தான் காட்டும்.

விஞ்ஞானம் டீச்சர், வவுனியா:

யூரியாவைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அரைக் கிராம் யூரியா 250 லீற்றரில் முழுதாக உடைந்தால் அமோனியா 1 பிபிஎம்முக்கு (லீற்றருக்கு 1 மில்லிகிராம்) மேல் போகும், கடல்நீரின் பிஎச்சில் அது மீனுக்கு ஆபத்தான அளவு. சிட்டிகை என்பது ஓர் அளவும் இல்லை. வயல் பொசுபேற்றுப் பசளையும் வேண்டாம், பாறையில் இருந்து எடுப்பதால் கட்மியம் போன்றவை கூடவே வரும்.

தீனியால் அளவு ஏறும்வரை பொறுக்க முடியாவிட்டால் ஆய்வுகூடத் தரமான இரசாயனம் வாங்குங்கள், பாடசாலைகளுக்கு விற்கும் கடைகளில் கேட்கலாம். சோடியம் நைத்திரேற்று 0.34 கிராம் உங்கள் 250 லீற்றரில் நைத்திரேற்றை 1 பிபிஎம் உயர்த்தும். பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 1 கிராமை ஒரு லீற்றர் ஆர்ஓ நீரில் (உப்பு நீக்கிச் சுத்தப்படுத்திய நீர்) கரைத்து, அதில் 7 மில்லிலீற்றர் ஊற்றினால் பொசுபேற்று 0.02 அளவில் ஏறும். கல்லும் மணலும் அதை முதலில் விழுங்கும், மறுநாள் திரும்பப் பூச்சியம் காட்டினால் பயந்துபோய் இரட்டிப்பாக ஊற்ற வேண்டாம், அதே அளவையே தொடருங்கள். நைத்திரேற்று 5 முதல் 10 பிபிஎம், பொசுபேற்று 0.05 முதல் 0.1 பிபிஎம், அந்த இடத்தில் நிறுத்தலாம்.

பொசுபேற்றை விட்டுவிட்டு நைத்திரேற்றை மட்டும் ஏற்றுவது பட்டினியைவிடக் கெடுதல். நைதரசன் கூடிப் பொசுபரசு பற்றாத முருகை, வெயிலும் சூடும் ஏறும்போது சுலபமாக வெளிறுகிறது என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அந்தச் சளி டைனோஃபிளாஜெலேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைக்கல உயிரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் சில நஞ்சுள்ளவை, நத்தை சாவதும் அதற்குப் பொருந்துகிறது. கொஞ்சத்தை எடுத்துக் குப்பியில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூவில் வடித்து, வடிந்த தண்ணீரை ஒரு மணித்தியாலம் வெளிச்சத்தில் வையுங்கள். திரும்ப இழையாகத் திரண்டால் அதுதான். பக்கத்துப் பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் ஒரு துளி பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவில் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போலச் சுழன்றால் ஒஸ்ட்ரியோப்சிஸ். அது இரவில் தண்ணீருக்குள் மிதக்கும், புறஊதா விளக்கு வைத்தால் பிடிபடும். மணலிலேயே ஊர்ந்து திரிந்தால் அம்ஃபிடினியம், அதற்குப் புறஊதா உதவாது.

உவர்த்தொட்டி:

டீச்சர், சிலாவத்துறை அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. டிஷ்யூவில் வடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே திரும்ப இழையாகக் கட்டியது. குருணையை எடுத்துவிட்டேன், யூரியா பேச்சும் முடிந்தது. இனி மீன். ஒரு பவுடர் புளூ டாங், ஏழு குரோமிஸ், கொஞ்சம் அந்தியாஸ் என்று மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் முல்லைத்தீவில் இருந்து கானில் கொண்டுவருகிறேன், அது பரவாயில்லையா?

அளம்பில் கரை, முல்லைத்தீவு:

பவுடர் புளூவை விடுங்கள் தம்பி. அது எங்கள் கடலில் நாள் முழுக்கப் பாறை பாறையாக மேய்ந்து திரிகிற மீன், நாலடிக்குள் அடைத்தால் சுவரோடு சுவராக அலையும், வெண்புள்ளி நோயும் முதலில் அதற்குத்தான் வரும். குரோமிஸ் ஏழு வாங்கினாலும் தொட்டியில் ஒன்றையொன்று துரத்தி ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அந்தியாஸ் நல்ல யோசனை. நாளுக்கு மூன்று நாலு தடவை தின்னாவிட்டால் மெலிந்துபோகும் மீன் அது, உங்கள் தொட்டிக்குத் தேவையானதும் அதே தீனிதான். ஆனால் பகலில் தீனி போட வீட்டில் ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். 250 லீற்றருக்கு ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் போதும்.

நான் என்றால் முதலில் ஒரு சோடி கார்டினல் மீன் விடுவேன், சாதுவானவை. மூன்று நாலு கிழமை போய், அளவுகள் ஒரு நிலைக்கு வந்தபின் ஒரு ஃபேரி ராஸ், குதிக்கும், மேலே வலை கட்டுங்கள். அந்தியாஸ் கடைசி. பாசி தின்னும் பிளென்னியை இப்போது விட்டால் பட்டினியில் சாகும், உங்கள் கண்ணாடியில் மேய ஒன்றும் இல்லை. எத்தனை மீன் என்று எண்ணுவதைவிட, நாளுக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள், அதற்கு அளவு எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பாருங்கள்.

வாங்குகிற மீன் கடையில் தின்கிறதா என்று பார்த்து வாங்கி, குறைந்தது நாலு கிழமை தனித்தொட்டியில் வையுங்கள். வெண்புள்ளி பெரிய தொட்டிக்குள் போய்விட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் வெறுமையாக விடச் சொல்வார்கள். நீங்கள் மீன் கூட்டுவதே முருகைக்காக, அந்த நேரத்தில் முருகை திரும்பவும் பட்டினி கிடக்கும்.

கறண்டை மறக்க வேண்டாம். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதிரி ஒருநாள் வந்தால் மீன் கூடின தொட்டிதான் முதலில் போகும். 27 பாகைக் கடல்நீரில் ஒட்சிசன் நிரம்பி இருந்தாலே லீற்றருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுதான். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பி இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று காணாது.

தண்ணீர் விசயத்தில், மாரியில் வட்டுவாகல் பக்கமோ நாயாற்று வாய்ப் பக்கமோ எடுக்க வேண்டாம். மழைக்குக் களப்பு வெட்டி ஓடும், உப்பும் இறங்கும், பெரும்போக வயல் தண்ணீரும் அதில்தான் வந்து சேரும். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும்போது கரையில் இருந்து தள்ளிப் போய் எடுத்தால் நல்லது, எடுத்த உடனே உப்பை அளந்து பாருங்கள். ஆவியாகிக் குறைவதற்குக் கிணற்றுத்தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ நீர் ஊற்றுங்கள். வன்னியில் குடிக்கிறதுக்கே அதைத்தானே வாங்குகிறோம். கடலுக்குப் போகிற இடத்தில் முருகையை உடைத்துக் கொண்டுவரும் எண்ணம் யாருக்கும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், சட்டப்படி குற்றம், கடலுக்கும் கேடு.

சிலாவத்துறைக் கடல்:

அளம்பில் அண்ணை சொன்னதோடு எனக்கு ஓரிடத்தில்தான் கருத்து வேறு. டைனோ இருக்கும்வரை தண்ணீர் மாற்றுவதையே நிற்பாட்டுங்கள், நல்ல கடல்நீரும் இப்போது அதற்குத்தான் உதவும். சளியைக் குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, அதே தண்ணீரைத் திரும்ப விடுங்கள்.

காரத்தன்மை 9.5 இந்த நிலைமைக்குக் கூட. சாப்பாடு இல்லாத முருகையில் காரம் ஏறி நின்றால் நுனி எரியும். கூட்டிப் போடுவதைக் குறைத்து மெல்ல 8க்கு இறங்க விடுங்கள், ஒரே நாளில் இறக்க வேண்டாம். விளக்கையும் கொஞ்சம் தணியுங்கள், வெளிறின முருகைக்கு முழு வெளிச்சம் தாங்காது.

இரண்டு கிழமை அளந்து எண்களை இங்கே போடுங்கள் தம்பி. பொசுபேற்று 0.03க்குக் கீழே இறங்காமல் நின்றால் கார்டினல் சோடியைத் தனித்தொட்டியில் விடத் தொடங்கலாம்.