சை-ஹப்பில் கட்டுரை எடுப்பது அறப்படி தவறா?

முல்லை கேட்டது:
ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கின்றன. எழுதியவருக்கோ மதிப்பாய்வு செய்தவருக்கோ அதில் ஒரு காசும் போவதில்லை. பல ஆய்வுகள் மக்கள் வரிப்பணத்தில் நடந்தவை. சந்தா உள்ள நூலகம் கிடைக்காதவர், கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் எடுத்தால் தவறா? வேறு வழி இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
சட்டப்படி பதில் தெளிவு. எல்ஸ்வியர் பதிப்பகம் தொடுத்த வழக்கில் 2017-இல் நியூயார்க் நீதிமன்றம் சை-ஹப் தரப்புக்கு எதிராக 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அறப்படி, காசு கட்ட வழியில்லாத வாசகரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எப்படியும் வாங்கியிருக்கப் போவதில்லை, யாருக்கு நட்டம்? உறுத்துவது வேறொன்று. அங்கே கட்டுரைகள் சேர்ந்தது பல்கலைக்கழகப் பயனர்களின் கடவுச்சொற்கள் வழியாக. பல இடங்களில் மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்தான். அது கைமாறினால் ஆபத்து அந்தப் பயனருக்கு.

பொன்வண்டு:
முதலில் டிஓஐ எண்ணை எடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண் அது, 10 என்று தொடங்கும். உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டால், இலவசப் பிரதி இருக்கும் கட்டுரைப் பக்கத்தின் வலது ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். சாம்பல் நிறமாக இருந்தால், கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, பிற பதிப்புகளுக்கான இணைப்பைத் திறவுங்கள். ஆசிரியர் தன் பக்கத்தில் போட்ட பிடிஎஃப் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். இலவசக் களஞ்சியங்களும் உண்டு: மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல், இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆர்க்கைவ்.

அதிலும் இல்லையா? ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல்: தலைப்பு, டிஓஐ, எதற்கு வேண்டும், "ஏற்கப்பட்ட கைப்பிரதி இருந்தாலே போதும்". கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் அச்சுக்கு வடிவமைக்காத பிரதி அது. அச்சு வடிவத்தைத் தரத் தயங்குபவரும் கைப்பிரதியைத் தருவார். அஞ்சல் திரும்பி வந்தால் முகவரி பழையது. இணை ஆசிரியருக்கு எழுதுங்கள். கிடைத்தது மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவம் என்றால், அதிலுள்ள எண்களை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். மதிப்பாய்வில் அட்டவணையே மாறியிருக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். லான்செட் மருத்துவ ஆய்விதழில் 1998-இல் வந்த தடுப்பூசி–ஆட்டிசம் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் இறக்கிய பிடிஎஃப்பில் அந்தச் செய்தியே இருக்காது. சை-ஹப் பிரதியும் அப்படித்தான், எடுத்த நாளோடு நின்றுவிடும். கட்டுரைகளைச் சேர்த்துவைக்க உதவும் ஸோடெரோ மென்பொருளில் டிஓஐயுடன் சேர்த்தால், திரும்பப் பெற்ற கட்டுரைக்குச் சிவப்புப் பட்டை வரும். டிஓஐ பதிவாகாத வெறும் பிடிஎஃப் என்றால் வராமல் போகலாம்.

கடலோரம்:
பொன்வண்டு சொன்ன வழிகள் நல்லவை, ஆனால் எல்லாம் கிடைத்துவிடாது. 2017 மார்ச் நிலவரப்படி, கட்டண ஆய்விதழ்க் கட்டுரைகளில் 85.1 விழுக்காடு சை-ஹப்பில் இருந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்கு ஈடான சட்டப்பூர்வ வழி எதுவும் இல்லை. ஆசிரியரிடம் காசு வாங்கும் திறந்த வெளியீட்டிலும் சிக்கல் உண்டு: நேச்சர் ஆய்விதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. வாசிக்கவே வழியில்லாதவர் இவ்வளவு கட்டி எழுதுவாரா? பிரேசிலில் 1998-இல் தொடங்கிய சைலோ போல, பொதுநிதியில் நடக்கும் தளங்கள் பெருக வேண்டும்.

முல்லை, நாளை நீங்கள் எழுதும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்க எத்தனை மாதக் காத்திருப்பு என்று பாருங்கள். 12 மாதம் என்றால், ஏற்பு வந்த அன்றே ஏற்றித் திறக்கும் தேதியைக் குறித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கடைசிக் கோப்பு எது என்பதே மறந்துபோகும்.