எங்க ஊரு நன்னாரி மிட்டாய நிறுத்தப் போறாங்களாம், எல்லாரும் சேர்ந்து கேட்டா காப்பாத்த முடியுமா?

வைகைக்கரை பையன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க. திருமங்கலம் தாண்டி ஒரு சின்ன ஊரு எங்களுது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருவுல ஒரு பெரியவர் மிட்டாய் பட்டறை வச்சிருக்கார், மொத்தமே ஆறு பேர் வேல பாக்குற எடம். அங்க போடுற நன்னாரி மிட்டாய் சுத்துப்பட்டு நாலஞ்சு ஊரத் தாண்டுனா எங்கயும் கெடைக்காது. கருஞ்செவப்பா இருக்கும், ரெண்டு பக்கமும் முறுக்குன தாளு, வாயில போட்டதும் சாதா சக்கர மிட்டாய் மாதிரிதான் தெரியும், ஒரு நிமிஷம் கழிச்சு தொண்டையில நன்னாரி வாசம் ஏறும் பாருங்க, சர்பத் குடிச்ச மாதிரியே இருக்கும். டவுன் பஸ்ல எனக்கு வாந்தி வரும்னு அப்பத்தா ரெண்ட வாங்கி சட்டப்பைல போட்டுத்தான் அனுப்பும்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப பொட்டிக்கடை அக்கா சொல்லுது, "பங்குனியோட நிறுத்துறாராம் தம்பி, வேணும்னா இப்பவே வாங்கி வச்சுக்க". எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், எல்லாரும் கொதிச்சுட்டானுங்க, ஒருத்தன் ஹேஷ்டேக் ஆரம்பிச்சுட்டான், இன்னொருத்தன் ஆன்லைன் பெட்டிஷன் போட்டு நாலு நாள்ல 600 கையெழுத்து வந்திருச்சு. ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. இந்த மாதிரி மக்கள் கேட்டு ஒரு மிட்டாய் நிஜமாவே பொழச்ச கதை எங்கயாச்சும் இருக்கா? இருந்தா என்ன பண்ணாங்க?

சேப்பாக்கம் கேலரி:

என்ன ப்ரோ இப்படிக் கேட்டுட்டீங்க, நம்ம ரோலா கோலா இருக்கே! பார்லே கம்பெனியோட கோலா மிட்டாய், பாப்பின்ஸ் மாதிரியே நீளமா உருளை பாக்கெட்ல வரும், 90ஸ் பசங்களுக்கு வெளக்கவே வேணாம். 2006ல நிறுத்திட்டாங்க. 2019 பிப்ரவரில ஒருத்தர் ட்விட்டர்ல பார்லேவ டேக் பண்ணி ரோலா கோலா திரும்ப வர என்ன செய்யணும்னு கேட்டார், அவங்க ஜாலியா 10,000 ரீட்வீட் வாங்குங்க கொண்டு வர்றோம்னு சொல்லிட்டாங்க. ஊரே சேர்ந்து தட்டித் தட்டி 10,000 தாண்ட வச்சது. அதே வருஷம் அக்டோபர்ல மிட்டாய் கடைக்கு வந்திருச்சு, 13 வருஷம் கழிச்சு! நானும் ரீட்வீட் பண்ணவன்ங்கிற பெருமை எனக்கு இன்னிக்கும் உண்டு. ஹேஷ்டேக்க விடாதீங்க, செலிபிரிட்டி யாரையாச்சும் டேக் பண்ணுங்க.

மொத்தக்கடை முருகேசு:

தம்பி கேலரி, பார்லேவுக்கு ஊரு ஊரா ஃபேக்டரி, நாடு பூரா டீலரு. அவங்க நெனச்சா ஒரு லைன்ல கோலா மிட்டாய ஓட்டிப் பாத்துட்டு, போணியாகலேன்னா அத நிறுத்திட்டு வேற மிட்டாய ஓட்டுவாங்க. இந்தப் பட்டறைப் பெரியவருக்கு 10,000 ரீட்வீட் வந்தா அத வச்சு என்ன பண்ணுவாரு, பாகு காச்சுவாரா?

நான் 22 வருஷமா மிட்டாய் பிஸ்கட் மொத்த வியாபாரம் பாக்குறேன், என் கடையில கண்டதச் சொல்றேன். மிட்டாய் ஜாருல பாதி யாரும் ஆசப்பட்டு கேட்டு வாங்குனது இல்ல. சில்லறை இல்லேன்னு கடைக்காரன் மிட்டாய எடுத்து கையில வைப்பான், அப்படித்தான் ஒரு ஜாரு நாலு நாள்ல காலியாகும். எப்ப ஃபோன்ல ஸ்கேன் பண்ணி 17 ரூபாய்னா 17 ரூபாயே கரெக்டா போட ஆரம்பிச்சாங்களோ, அப்பவே அந்த வியாபாரம் படுத்திருச்சு. இப்ப அதே ஜாரு மூணு வாரம் கெடக்குது, வெயில்ல பூத்து தாளோட ஒட்டிக்குது, ரிட்டர்ன் எடுன்னு பொட்டிக்கடைக்காரன் சண்டைக்கு வர்றான். கம்பெனி மிட்டாய்னா ரிட்டர்ன் எடுப்பாங்க, பட்டறைக்காரன் எங்க போவான். அதுபோக இன்னிக்கும் ஒரு ரூபாய்க்கு ஒரு மிட்டாய்தான் விக்கணும், சக்கர வெல என்ன, கேஸ் வெல என்ன? 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டிய 5 சதவீதமா கொறச்சாங்க, நல்லதுதான், ஆனா ஒரு ரூபா மிட்டாய்ல அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

கோச்சுக்காதீங்க, ஒரே ஒரு கேள்வி. அந்த 600 பேர்ல போன மாசம் காசு குடுத்து அந்த மிட்டாய வாங்குனவன் எத்தன பேரு? தம்பி நீங்க கடைசியா எப்ப வாங்குனீங்க?

வைகைக்கரை பையன்:

அண்ணே... ரெண்டு தீவாளிக்கு முன்னாடி 😐

டீக்கடை பெஞ்ச்:

அடி பலமா விழுந்திருச்சே. நன்னாரில மிட்டாய் வருதுங்கிறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்ப்பா, நான் பொறந்தது வளந்தது எல்லாம் மதுர கீழவாசல். ஒரு ஜார் பார்சல் கெடைக்குமா?

பாஸ்டன் குளிர்:

முருகேசு அண்ணன் கேட்ட கேள்விய இங்க ஒரு ஊரே அனுபவிச்சது, அதான் எழுதுறேன். பாஸ்டன் பக்கம் ரெவியர்னு ஒரு ஊர்ல நெக்கோன்னு ரொம்ப பழைய மிட்டாய் கம்பெனி இருந்தது, அதோட வேர் 1847ல இருந்து வருது. அவங்களோட நெக்கோ வேஃபர்ஸ் வட்ட வட்டமா சாக்பீஸ் மாதிரி இருக்கும், ருசியும் கிட்டத்தட்ட சாக்பீஸ்தான்னு இந்த ஊர்க்காரங்களே கிண்டல் பண்ணுவாங்க. அதுல கிராம்பு ருசில ஒரு வில்லை உண்டு, எங்கம்மா இங்க வந்திருந்தப்ப வாயில போட்டுட்டு "இது என்னடா பல்வலிக்கு வைக்கிற மருந்தா"ன்னு கேட்டாங்க.

2018 மார்ச்ல கம்பெனிய வாங்க ஆள் கெடைக்கலேன்னா மூடுவோம்னு செய்தி வந்ததும் ஜனங்க பைத்தியம் புடிச்ச மாதிரி வாங்கிக் குவிச்சாங்க. ஃப்ளோரிடாவுல ஒரு பொண்ணு ஒரு ஆன்லைன் கடைகிட்ட, இருக்கிற ஸ்டாக் பூராவும் குடுங்க, என் 2003 மாடல் ஹோண்டா அக்கார்ட எடுத்துக்கோங்கன்னு கேட்டது. கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஜூலையிலயே ஃபேக்டரிய ஒரே நாள்ல மூடிட்டாங்க, வேலைக்கு வந்த சனம் அப்படியே வீட்டுக்குப் போச்சு. பத்து வருஷமா வாங்காதவன் கடைசி மாசத்துல பத்து பெட்டி வாங்கி பரண்ல அடுக்குனா கம்பெனி எப்படி நிக்கும்.

மிட்டாய் பொழச்சது வேற வழியில. ஒஹாயோவுல குச்சி மிட்டாய் பண்ற ஸ்பேங்ளர்னு ஒரு கம்பெனி நெக்கோ வேஃபர்ஸ் பிராண்ட வாங்கி, மெஷின எல்லாம் சரி பண்ணி, 2020லதான் கடைக்குக் கொண்டு வந்தாங்க. இதே நெக்கோ பண்ண ஸ்கை பார்னு ஒரு சாக்லேட் இருக்கு, ஒரே பார்ல நாலு அறை, ஒவ்வொண்ணுக்குள்ளயும் வேற வேற பூரணம். 1938லருந்து வந்த சரக்கு, இந்தப் பக்கத்துப் பெருசுங்களுக்கு உசுரு. அத வாங்குனது பெரிய கம்பெனி இல்ல, சட்பரின்னு பக்கத்து ஊர்ல டக் சூப்னு ஒரு கிஃப்ட் கடை! அந்தக் கடைக்கார அம்மா கடைக்குப் பக்கத்துலயே சின்னதா ஒரு தயாரிப்புக்கூடம் போட்டு 2019 டிசம்பர்ல விக்க ஆரம்பிச்சாங்க. ஏலத்துல வாங்குனதுல இருந்து வருஷத்துக்கு மேல ஆயிருக்கு, ஏன்னா நாலு பூரணத்த ஒரே பார்ல ஊத்துற வேல லேசுப்பட்டது இல்ல. சனிக்கிழமை ஒரு தடவ போயி வாங்குனேன், நல்லாவே இருந்தது.

இன்னொண்ணும் மறக்காம சொல்லிடுறேன், 2009ல நெக்கோக்காரங்க இயற்கை கலர் இயற்கை ருசின்னு செய்முறைய மாத்திப் பாத்து, பழைய ஆளுங்க திட்டித் தீத்து 2011ல பழசுக்கே திரும்புனாங்க. அதனால யாராச்சும் எடுத்து நடத்துனா நன்னாரில கை வைக்காம பாத்துக்கோங்க.

லண்டன் மழை:

இங்கயும் ஒரு கதை, சுருக்கமா. கேட்பரியோட விஸ்பா சாக்லேட்ட 2003ல நிறுத்துனாங்க. 2007ல ஃபேஸ்புக், மைஸ்பேஸ்ல கூட்டம் சேந்து கேட்டது, கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா மேடையிலயே பேனரோட ஏறிட்டானுங்க. கம்பெனி உஷாரா பண்ணது என்னன்னா, அந்த அக்டோபர்ல 2 கோடியே 30 லட்சம் பார் மட்டும்னு கணக்கு வச்சு எறக்குச்சு. அது சரசரன்னு போனதப் பாத்துட்டுத்தான் 2008ல நிரந்தரமா கொண்டு வந்தாங்க. நீங்களும் ஒரே ஒரு தடவ போடச் சொல்லிப் பாருங்க, எப்பவும் போடுங்கன்னு கேட்டா யாரும் பயப்படத்தான் செய்வாங்க.

பாகுப்பதம்:

நான் பன்னெண்டு வருஷம் மிட்டாய் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தவன். மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்தப் பெரியவர்கிட்ட போயி செய்முறைய எழுதி வாங்குங்க, அவர் சம்மதிச்சா வீடியோவும் எடுத்து வைங்க. சக்கரையும் லிக்விட் குளுக்கோஸும் யாரு வேணும்னாலும் வாங்கலாம், 150 டிகிரி கிட்ட காச்சுறதும் பெரிய ரகசியம் இல்ல. கொதி எறக்கி மேசையில ஊத்துன பெறகு நடக்குறதுதான் விஷயம். எந்தச் சூட்டுல நன்னாரிய விடுறாரு, எசன்ஸா இல்ல வேர ஊறப்போட்டு எடுத்த சாறா (சாறா இருந்தா தண்ணிச் சத்து சேந்து மிட்டாய் பிசுபிசுக்கும், அதுக்கு ஏதோ கைப்பக்குவம் வச்சிருப்பாரு), புளிப்பு ஏதும் போடுறாரா, போட்டா ஆறும்போதுதான போடுறாரு, பாகு கொதிக்கும்போதே போட்டா சக்கர ஒடஞ்சு மறுநாளே ஒழுகும். இந்த மாதிரி சங்கதியெல்லாம் அவரு கையிலதான் இருக்கும், எந்த நோட்டுலயும் இருக்காது. எங்க கம்பெனில ஒரு பழைய மாஸ்டர் போனதோட ஒரு இஞ்சி மிட்டாயே போச்சு, நாங்க ஏழெட்டு தடவ போட்டுப் பாத்தும் அந்த ருசி வரவேயில்ல.

அவருக்கு எடுத்து நடத்த ஆள் இல்லேன்னா, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் வச்சிருக்கிற வேற பட்டறையில அவரு மேற்பார்வையில கூலிக்குப் போட்டு வாங்கலாம், நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க.

சேப்பாக்கம் கேலரி:

புவிசார் குறியீடு வாங்கலாமே? கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல கெடைச்சுதே.

பாகுப்பதம்:

கோவில்பட்டில எத்தனையோ பேரு கடலைமிட்டாய் போடுறாங்க, அவங்க சங்கமா நின்னு வாங்குனாங்க. இங்க இருக்கிறது ஒத்தப் பட்டறை, தம்பி. அதுக்கு மனு போட்டு பதில் வர்றதுக்குள்ள பெரியவர் பட்டறைய வித்துட்டு பேரன் வீட்டுக்குப் போயிருப்பாரு.

வைகைக்கரை பையன்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கெழம நானும் ரெண்டு பசங்களும் நேராவே போயிட்டோம், மொதல்லயே அத பண்ணியிருக்கணும். பெட்டிஷன ஃபோன்ல காட்டுனேன், கண்ணாடிய மாட்டி மெதுவா பேரெல்லாம் படிச்சாரு, ரெண்டு மூணு பேர அடையாளம் கண்டு "இவன் டெய்லர் மகன்தான"ன்னு சிரிச்சாரு.

நாங்க நெனச்ச மாதிரி வியாபாரம் மட்டும் காரணம் இல்ல. தாளுதான் பிரச்சனையாம். சிவகாசில மிட்டாய்த் தாளு அடிக்கக் குடுத்தா கம்மியா அடிக்க மாட்டாங்களாம், ஒரு தடவ அடிச்சா நாலு வருஷத்துக்கு வரும். இருக்கிற தாளு பங்குனியோட தீருது. "எனக்கு 71 ஆகுது, நாலு வருஷத்துக்குத் தாளு வாங்கி வச்சு யாரு தம்பி முறுக்குவா"ன்னு கேட்டாரு, எங்ககிட்ட பதில் இல்ல. பாகு இழுக்குற அண்ணனுக்கும் தோள்பட்ட போயிருச்சாம்.

லண்டன் மழை சொன்னத வச்சு ஒரே ஒரு கொதி மட்டும் போட முடியுமான்னு கேட்டோம். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, சித்திரைத் திருவிழாவுக்குப் போட்டுத் தர்றேன்னுட்டாரு, வெறும் தங்கக்கலர் தாள்ல சுத்தி, ஜார் மேல மட்டும் லேபிள் ஒட்டி. ஒரு கொதி 20 கிலோ, 200 மிட்டாய் ஜார்னா 25 ஜார் வரும். முன்பணம் முழுசா குடுக்கணும், அது நாங்களே சொன்னது. பாகு இழுக்க நாங்க மூணு பேரும் போறோம், கத்துக் குடுக்குறேன்னாரு, வீடியோ மட்டும் வேணாம்னுட்டாரு. நன்னாரி சாறா எசன்ஸான்னு கேட்டேன் பாகுப்பதம் அண்ணே, "வந்து பாரு"ன்னாரு.

குரூப்ல கேட்டதுல 14 ஜாருக்குப் பணம் வந்திருச்சு. கையெழுத்து போட்ட 600 பேர்ல 14, முருகேசு அண்ணன் சிரிக்கக் கூடாது. மீதி 11 இருக்கு. பார்சல் கெடையாது, சித்திர வெயில்ல லாரில போனா ஒட்டிக்கும்னு பெரியவர் கண்டிப்பா சொல்லிட்டாரு, திருமங்கலம் வந்துதான் வாங்கிக்கணும்.

டீக்கடை பெஞ்ச்:

எனக்கு ஒண்ணு. பஸ் ஏறி வர்றேன்.

மொத்தக்கடை முருகேசு:

சிரிக்கல தம்பி. எனக்கு மூணு எழுதிக்க. கடை ஜாருல வைக்கிறேன், எத்தன நாள்ல போகுதுன்னு பாத்துச் சொல்றேன்.