கொல்லிமலை ஏற்றத்தில் மட்டும் சூடேறும் கார்: ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: காரவள்ளி

வணக்கம். எங்களிடம் இருப்பது 2012ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நாமக்கல் – சேலம் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினாலும், கடைவீதி நெரிசலில் ஏசியுடன் நின்றாலும் வெப்பமுள் பாதியைத் தாண்டுவதில்லை. ஃபேனும் உரிய நேரத்தில் சுழல்கிறது. ஆனால் கொல்லிமலைக்கு ஏறும்போது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி முடிவதற்குள் முள் முக்கால் அளவைத் தொட்டுவிடுகிறது. ஓரம் கட்டி நிறுத்தினால், கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவத்தின் ரிசர்வ் டேங்க் கொதித்து வழிகிறது. மறுநாள் காலையில் அந்த டேங்க் நிறைந்தபடியே இருக்க, ரேடியேட்டருக்குள் மட்டம் இறங்கியிருக்கிறது. மேல் ஹோஸும் ஒட்டிச் சப்பிக் கிடக்கிறது.

சென்ற கோடையில் ஒரு மெக்கானிக், நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று சொல்லி, தெர்மோஸ்டாட்டை (கூலண்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) கழற்றிவிட்டார். அதன் பிறகு மைலேஜ் குறைந்ததே தவிர மலையில் சூடு குறையவில்லை. கூலண்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறோம். இப்போது ஒருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார், மற்றொருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். செலவு செய்வதற்கு முன் எதை முதலில் பார்ப்பது?

மறுமொழி 1: இயந்திரவியல் மாணவன்

எந்த நிலையில் சூடேறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது சூடேறினால் ஃபேன், அதன் ரிலே, அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரில் அடைந்த தூசி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை. மலையில் இரண்டாவது கியரில் இன்ஜின் முழுச் சுமையுடன் உழைக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் வழியாக வெளியேறியாக வேண்டும். வண்டியின் வேகமோ இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்பதால் எதிர்க்காற்றும் போதவில்லை. கூலண்டின் ஓட்டத்திலோ அழுத்தத்திலோ ஒரு சிறு குறை இருந்தாலும் அது இந்த இடத்தில்தான் வெளிப்படும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது, எல்லாவற்றிலும் மலிவான பொருளான ரேடியேட்டர் மூடியை. அதில் இரண்டு வால்வுகள் உள்ளன. அழுத்தம் மூடியில் பொறித்துள்ள அளவை, அதாவது பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பாரை, எட்டும்வரை ஒன்று திறக்காமல் அடைத்து வைக்கும். இன்ஜின் குளிரும்போது மற்றொன்று திறந்து, ரிசர்வ் டேங்கில் இருந்து கூலண்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் டேங்க் நிறைந்தும் ஹோஸ் சப்பியும் இருப்பது, இந்த இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டதற்குத் தெளிவான அடையாளம். அத்தனை பழைய மூடியில் முதல் வால்வின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 1,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ஃபேன் சுழலத் தொடங்கும் வெப்பமே அந்த அளவுதான். மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால், இன்ஜினில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே மலையில் கூலண்ட் கொதிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது பற்றி ஒரு வார்த்தை. நம் பட்டறைகளில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, அதே அசைவில் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடந்து, சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே இன்ஜினுக்குள் சுற்றும். மலையில் அது பாதகம். சமவெளியில் இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாவதால் வண்டியின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். உங்கள் மைலேஜ் குறைந்தது இதனால்தான் என்பது என் கருத்து. நிறுவனம் குறிப்பிட்ட அதே வெப்ப அளவுள்ள புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்துங்கள்.

மறுமொழி 2: ரேடியேட்டர் பட்டறை

மூடியைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் போர் தண்ணீரை இவ்வளவு லேசாகக் கடந்து போக முடியாது. நாமக்கல், சேலம் பக்கத்து உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போல ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் சுண்ணம் படியும். அதில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரித்து ஊசித்துளை போடும். அம்பாசிடர் காலத்தில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தது. மேல் தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்போம். உங்கள் காரில் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய்களும், ஓரங்களை மடித்து இறுக்கிய பிளாஸ்டிக் தொட்டிகளும். அதை ஒருமுறை பிரித்தால் பழைய இறுக்கம் வருவது அரிது. ஆகவே கம்பி விட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடைப்பு இருக்கிறதா என்று அறிய, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டர் முகப்பு முழுவதையும் அளந்து பாருங்கள். கூலண்ட் நுழையும் பக்கத்தில் இருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் அடைத்துவிட்டன என்று பொருள். அப்போது புதிய ரேடியேட்டர் வாங்குவதே நல்லது. ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் பழைய லாரி வழக்கத்தை இந்தக் குழாய்களிடம் காட்ட வேண்டாம். ஓட்டையோடு சேர்த்து வழியையும் அடைத்துவிடும்.

காரவள்ளி

இருவருக்கும் நன்றி. மூடியைக் கழற்றிப் பார்த்ததில் அடி ரப்பர் வெடித்து, நடு வால்வு துருவால் ஒட்டிக் கிடக்கிறது. புதிய மூடியும் தெர்மோஸ்டாட்டும் வாங்கிவிட்டேன். ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை, இன்ஜினைப் பிரிக்காமல் தீர்த்துக்கொள்ள வழி உண்டா? கூலண்டை மாற்றும் முறையையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 3: சர்வீஸ் ஆலோசகர்

வழி உண்டு. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் சோதனைக் குழாயில் நீல நிறத் திரவம் இருக்கும். இன்ஜினுக்குள் எரிந்த வாயு கசிந்து கூலண்டில் கலந்திருந்தால், அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டு அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். இத்துடன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிச் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். பம்பின் அழுத்தமுள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். வெளியே ஈரமே இல்லாமல் அழுத்தம் இறங்கினாலோ, ஆயில் பால் கலந்தது போல் தெரிந்தாலோ மட்டும் கேஸ்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

பழையதை முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் சுழலும்வரை ஓட விட்டு, நன்றாக ஆறிய பிறகு வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எவ்வளவு வடித்தாலும் இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், இந்த முறை தண்ணீர் கலந்து விற்கும் கூலண்டைவிட அடர் கூலண்ட் வாங்குவது உகந்தது. மொத்தக் கொள்ளளவில் பாதியை அடர் கூலண்டாக ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கலவை சரியாக இருக்கும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காமல், வண்டியின் கையேடு சொல்லும் வகையைப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வாத இரண்டு வகைகள் கலந்தால் கூழாகித் திரண்டுவிடக்கூடும். நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயரமான இடத்தில் நிறுத்தினால் காற்றுக்குமிழிகள் எளிதாக வெளியேறும்.

மறுமொழி 4: மலைப்பாதை

வேலை முடிந்து மலையேறிச் சோதிக்கும்போது முள் மீண்டும் உயர்ந்தால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள்; வியர்த்தாலும் அது ஒரு சிறிய துணை ரேடியேட்டராக வேலை செய்யும். முள் சிவப்பைத் தொடாத வரையில், ஓரம் கட்டியதும் இன்ஜினை அணைக்காமல் ஃபேன் சுழல விடுவது நல்லது. சிவப்பைத் தொட்டுவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

இன்னொன்று. வடித்த பழைய கூலண்டை வாசலில் வாளியோடு விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. தெருநாய்கள் நக்கிக் குடித்துவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும்.